வண்டி வந்தது சரி, வந்தவர் யார்?

யானை வாங்கியவன் அங்குசம் வாங்கக் கணக்குப் பார்த்தானாம். பொலிஸ் திணைக்களத்துக்குப் புதிய ஜீப் வண்டிகள் கையளிக்கப்படும் படங்களைப் பத்திரிகைகளில் காணும்போதெல்லாம் எனக்கு இந்தப் பழமொழிதான் நினைவுக்கு வருகிறது. வரிசையாக நிறுத்திய வண்டிகள், வெள்ளைத்துணி விரித்த மேசை, திறப்பை நீட்டும் பிரமுகர், வணக்கம் வைத்து வாங்கும் அதிகாரி. 2022 டிசம்பரில், நாடு டொலரின்றித் திண்டாடிக்கொண்டிருந்த வேளையில், இந்தியக் கடனுதவித் திட்டத்தின் கீழ் வரவிருந்த 500 வண்டிகளில் முதல் 125 வண்டிகள் இலங்கைப் பொலிஸாரிடம் ஒப்படைக்கப்பட்டன. அன்றும் இதே படம்தான். வேண்டாமென்று சொல்ல நான் யார்? வண்டியில்லாத பொலிஸ் நிலையங்களின் வாசலில் எத்தனையோ நாள் நின்றவன் நான். ஆனால் அந்தப் படங்களில் ஒன்றிலேனும் ஒரு செய்தியை நான் கண்டதில்லை. அந்த வண்டியில் ஏறப்போகிறவர் எத்தனை பேர்? அவர்களுக்கு என்ன தெரியும்? எந்த மொழி தெரியும்? கையில் என்ன கொடுக்கப்பட்டிருக்கிறது? அதை எப்போது பயன்படுத்த வேண்டும், எப்போது பயன்படுத்தக் கூடாது என்று யார் கற்றுக்கொடுத்தார்கள்?

இந்தக் கேள்விகள் எனக்குள் எழுந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2007ஆம் ஆண்டு. ஊவாவின் ஒரு தோட்டத்திலிருந்து இரவு ஒன்பது மணிக்குப் பிறகு எனக்கொரு தொலைபேசி அழைப்பு. “ஐயா, பக்கத்துக் காம்பிராவுல அந்தப் புள்ளைய அடிச்சே கொன்னுருவான் போல. பொலிசுக்கு அடிச்சோம், அவங்க பேசுறது வெளங்கல. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க ஐயா.” நான் அந்தப் பொலிஸ் நிலையத்தை அழைத்தேன். எடுத்தவர் மரியாதையாகத்தான் பேசினார். ஜீப் வண்டி பெரியவர் ஒருவரின் பாதுகாப்புக்குப் போயிருக்கிறது, மற்றது பழுது, ஒரு முச்சக்கரவண்டி அனுப்பினால் ஆள் வரும் என்றார். லயத்துக்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் காசு சேர்த்து முச்சக்கரவண்டி பிடித்து அனுப்பினார்கள். ஒரே ஒரு கொன்ஸ்டபிள் வந்து இறங்கினார். கையில் மின்விளக்குகூட இல்லை. அவருக்குத் தமிழ் தெரியாது. அடிபட்ட பெண்ணுக்குச் சிங்களம் தெரியாது. லயத்தில் ஓரளவு சிங்களம் பேசக்கூடியவன், பதுளை நகரில் கடையொன்றில் வேலை செய்தவன், ஒருவன்தான் இருந்தான். அடித்த கணவன்தான் அவன்.

அவனே மொழிபெயர்த்தான். மனைவி படியில் விழுந்துவிட்டாள் என்றானாம். கொன்ஸ்டபிள் புத்தகத்தில் எழுதிக்கொண்டு அதே முச்சக்கரவண்டியில் திரும்பிப் போனார். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005ஆம் ஆண்டே, 34ஆம் இலக்கச் சட்டமாக, நிறைவேறியிருந்தது. நாட்டில் சட்டம் இருந்தது. அந்த லயத்து வாசலுக்கு வரவில்லை. அந்தக் கொன்ஸ்டபிளைத் திட்டி அன்றிரவே ஒரு செய்தி எழுதினேன். இன்று எழுதினால் அவரைத் திட்டமாட்டேன். மொழி தெரியாத ஓர் இளைஞனைத் தனியாக, வெறுங்கையோடு, இருட்டில் மலையேற அனுப்பியவர்களைத்தான் திட்டுவேன்.

இந்தக் கதையைச் சொன்னால் நம்மவர்கள் உடனே “பார்த்தீர்களா, ஜீப் இருந்திருந்தால்?” என்பார்கள். நம் அரசியல்வாதிகளும் அப்படித்தான். தோட்டப்புறத்துப் பாதுகாப்புப் பற்றிப் பேச எழுந்தால், இந்த ஊருக்கொரு பொலிஸ் காவலரண், அந்த ஊருக்கொரு வண்டி என்று கேட்டுவிட்டு அமர்ந்துவிடுவார்கள். ஜீப் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? அதே கொன்ஸ்டபிள் சற்று முன்னதாக வந்து, அதே கணவனின் மொழிபெயர்ப்பைக் கேட்டு, சற்று முன்னதாகத் திரும்பிப் போயிருப்பார்.

வண்டியும் ஆளும் ஆயுதமும் எல்லாம் இருந்தும் ஒன்றும் நடக்காத ஒரு நாளை ஊவா பார்த்திருக்கிறது. 2000 ஒக்டோபர் 25. பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாம். முதல்நாள் மாலையே முகாமுக்குள் பதற்றம் மூண்டு, பொலிஸார் வரவழைக்கப்பட்டிருந்தனர். காலையில் பெருங்கூட்டம் முகாமைச் சூழ்ந்தது. அந்த இடத்தில் ஏறத்தாழ 60 பொலிஸார் ஆயுதங்களுடன் இருந்தார்கள். அவர்களின் கண்ணெதிரே, கத்தியாலும் பொல்லாலும் தீயாலும், 27 தமிழ் இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள். இன்னும் பலர் காயமடைந்தார்கள். அவசர அழைப்புக்கு எத்தனை நிமிடத்தில் பொலிஸ் வந்தது என்று அங்கே கேட்கவே தேவையில்லை. பொலிஸ் ஏற்கெனவே வந்திருந்தது!

பின்னர் ஜனாதிபதி ஆணைக்குழு விசாரித்தது. 2003இல் கொழும்பில் விசேட மேல் நீதிமன்றம் இரண்டு பொலிஸ் அதிகாரிகள் உட்பட ஐவருக்கு மரண தண்டனை விதித்தது. 2005 மே மாதத்தில், எஞ்சியிருந்த நால்வரையும் நாட்டின் அதியுயர் மன்றான உயர் நீதிமன்றம், சாட்சியங்கள் போதாவென்று விடுவித்தது. 27 உயிர்களுக்கு இன்று சட்டத்தின் கண்ணில் ஒரு குற்றவாளியும் இல்லை. சட்டம் அறிந்தவர்கள் அந்தத் தீர்ப்பைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். நான் கேட்பது வேறு. அந்த 60 பேரில் எவர் எங்கே நிற்க வேண்டுமென்று பணிக்கப்பட்டார்? கூட்டம் வேலியை நெருங்கினால் முதலில் செய்ய வேண்டியது என்ன, இரண்டாவது என்ன, கட்டளையிட வேண்டியவர் யார் என்று அவர்களுக்கு எப்போதாவது பயிற்சி தரப்பட்டிருந்ததா? இவை முன்கூட்டியே எழுத்தில் இருந்திருந்தால், சும்மா நின்றவர் எந்தக் கட்டளையை மீறிச் சும்மா நின்றார் என்று மன்றில் கேட்டிருக்கலாம். கடமை இன்னதென்று எழுதப்படாத இடத்தில் கடமை தவறியவரை எப்படிப் பிடிப்பது?

இங்கே என் நண்பர்கள் குறுக்கிடுவார்கள். “என்ன ஐயா, படுகொலையைப் பயிற்சிக் குறைபாடு என்கிறீர்களா? அது இனவாதமல்லவா?” என்பார்கள். நியாயமான கேள்வி. பிந்துனுவெவவில் இனவாதம் இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகும். 1983 ஜூலை 27 முற்பகலில் பதுளை மணிக்கூட்டுக் கோபுரத்தருகே தமிழருக்குச் சொந்தமான ஒரு மோட்டார் சைக்கிளுக்கு வைத்த தீ, நண்பகலில் கடைவீதி முழுவதையும் பிடித்தது. இரவுக்குள் கும்பல் வாகனங்களில் ஏறிப் பண்டாரவளை, ஹாலிஎல, வெலிமடை என்று போய்க்கொண்டிருந்தது. அப்போது நான் பாடசாலை மாணவன். கும்பலுக்கு வண்டி கிடைத்தது. காப்பாற்ற வேண்டியவர்களுக்குக் கிடைக்கவில்லையா, அல்லது மனம் வரவில்லையா என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் பல ஆண்டுகள் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டு வளர்ந்தவன். ஆகவே இனவாதத்தைப் பற்றி எனக்கு எவரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஆனால் “எல்லாம் இனவாதம்” என்று சொல்லிக் கையைக் கட்டிக்கொள்வது யாருக்கு வசதி? அதிகாரத்தில் இருப்பவருக்குத்தான். ஒரு மனிதனின் நெஞ்சிலுள்ள வெறுப்பை நாம் சட்டம் போட்டு அகற்ற முடியாது. சீருடை அணிந்து பணியில் இருக்கும்போது அவன் செய்ய வேண்டியதையும் செய்யக் கூடாததையும் வரையறுக்கலாம், பழக்கலாம், பதியலாம், தவறினால் தண்டிக்கலாம். வெறுப்பு உள்ள இடத்தில்தான் இவை மிகவும் வேண்டும். நல்லவர் மட்டும் பொலிஸில் சேரும் காலம் வரும்வரை காத்திருக்கச் சொல்கிறீர்களா?

பயிற்சியின்மை தமிழரை மட்டும் கொல்வதுமில்லை. 2022 ஏப்ரல் 19ஆம் திகதி ரம்புக்கனையில் எரிபொருள் விலையேற்றத்துக்கெதிராகத் தண்டவாளத்தை மறித்து நின்ற சிங்கள மக்கள்மீது பொலிஸார் துப்பாக்கிப் பிரயோகம் செய்தனர். ஒருவர் உயிரிழந்தார், பலர் காயமடைந்தனர். பிந்துனுவெவவில் கொலைவெறிக் கூட்டத்தைத் தடுக்காத அதே திணைக்களம், ரம்புக்கனையில் எரிபொருளுக்காக நின்ற கூட்டத்தைச் சுட்டது. சும்மா நிற்பதற்கும் சுடுவதற்கும் இடையே எத்தனையோ படிகள் உள்ளன: பேசுதல், எச்சரித்தல், கேடயம் ஏந்தி வரிசையாக நின்று தடுத்தல், நீர்த்தாரை, கண்ணீர்ப்புகை. 1990இல் ஹவானாவில் கூடிய ஐக்கிய நாடுகள் மாநாடு ஏற்றுக்கொண்ட அடிப்படைக் கோட்பாடுகள் இதைத்தான் சொல்கின்றன. பொலிஸாருக்குப் பலவகைக் கருவிகளைக் கொடுங்கள், கேடயமும் தலைக்கவசமும் போன்ற தற்காப்புச் சாதனங்களைக் கொடுங்கள், அப்போதுதான் துப்பாக்கியைத் தூக்கும் தேவை குறையும் என்பதே அவற்றின் சாரம். துப்பாக்கி மட்டும் கொடுக்கப்பட்டவனுக்கு இரண்டே வழிதான்: ஒன்று சும்மா நிற்பது, மற்றது சுடுவது.

இதெல்லாம் பணக்கார நாடுகளின் பேச்சு, நமக்குக் கட்டுபடியாகாது என்பவர்களுக்கு நம் நாட்டிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் வரும் “சுவசெரிய” அம்புலன்ஸ் சேவை. 2016இல் இந்திய நன்கொடையில் மேல், தென் மாகாணங்களில் 88 வண்டிகளுடன் தொடங்கியது. பின்னர் ஊவா உட்பட ஏனைய மாகாணங்களுக்கும் விரிந்தது. இதுவும் இந்திய வண்டிதான், அதுவும் இந்திய வண்டிதான். ஆனால் சுவசெரிய வண்டியில் ஒரு சாரதியும் ஒரு பயிற்றப்பட்ட அவசர மருத்துவ உதவியாளரும் இல்லாமல் சக்கரம் உருளாது. தொடக்கத்தில் அவர்களை ஹைதராபாத்துக்கு அனுப்பிப் பயிற்றினார்கள். வண்டிக்குள் எந்தச் சாமான் எந்த இடத்தில் என்பது வரையறுக்கப்பட்டிருக்கிறது. அழைப்பவர் சிங்களம், தமிழ், ஆங்கிலம் எதிலும் பேசலாம். அதாவது, ஆளையும் அறிவையும் மொழியையும் முதலில் தீர்மானித்துவிட்டு அதன்பின் வண்டியை ஓட்டினார்கள். அதே நாட்டில், அதே மலைப்பாதையில், அதே சம்பளக்கார இளைஞர்களைக் கொண்டு இதைச் செய்ய முடிந்ததென்றால், 119ஐ அழைத்தால் வரும் வண்டிக்கு மட்டும் ஏன் முடியாது?

லண்டனில் இருந்து இதை வாசிக்கும் அன்பர்களுக்கு ஸ்டீபன் லோரன்ஸ் என்ற பெயர் தெரிந்திருக்கும். 1993 ஏப்ரலில் எல்தம் பகுதியில் பேருந்துக்காகக் காத்திருந்த அந்தக் கறுப்பின மாணவனை வெள்ளை இளைஞர் கும்பல் குத்திக் கொன்றது. 1999இல் வெளிவந்த மக்பர்சன் அறிக்கை, இலண்டன் மாநகரப் பொலிஸில் நிறுவனமயப்பட்ட இனவாதம் இருக்கிறதென்று சொன்னதை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். அதே அறிக்கை, முதலில் வந்து சேர்ந்த பொலிஸார் இரத்தம் வழியக் கிடந்த பையனுக்கு முறையான முதலுதவி செய்யவில்லை என்பதையும் நுணுக்கமாக ஆராய்ந்து, பொலிஸாருக்கு முதலுதவிப் பயிற்சியும் அதை அவ்வப்போது புதுப்பிக்கும் ஏற்பாடும் வேண்டுமென்று பரிந்துரைத்தது. இனவாதத்தையும் பயிற்சியின்மையையும் ஒன்றுக்கு மற்றது சாக்காகாமல், இரண்டையும் ஒரே அறிக்கையில் நேருக்கு நேர் சொன்னார்கள். நமக்கு வேண்டிய அணுகுமுறை அதுதான்.

சரி, ஊவாவுக்குத் திரும்புவோம். இங்கே பொலிஸ் வண்டி செல்ல வேண்டிய இடங்கள் எப்படிப்பட்டவை? 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் போனது. தோட்டத்துக்குள் செல்லும் பாதை கம்பனியுடையதா, பிரதேச சபையுடையதா என்ற வழக்குத் தீருமுன்னே பாதை கரைந்துவிடுகிறது. லயக் காம்பிராக்கள் பலவற்றுக்கு இன்றும் முறையான முகவரி கிடையாது. கடிதமே தோட்டத்து அலுவலகம் வழியாகத்தான் வருகிறது. “வீட்டு இலக்கம் என்ன?” என்று அவசர அழைப்பை எடுப்பவர் கேட்டால், மேல்கணக்கு, பழைய கொழுந்து மடுவத்துக்கு மேலே, மூன்றாவது லயம் என்றுதானே சொல்ல முடியும்? அந்தப் பிரிவையும் அந்த மடுவத்தையும் அறிந்தவர் ஒருவரேனும் வண்டியில் இருக்க வேண்டாமா?

இது மலைச்சரிவு நாடு. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானதென்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. 2025 செப்டெம்பர் 4 இரவு, எல்ல - வெல்லவாய வீதியில் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து 15 பேர் மாண்டனர். அதே ஆண்டு நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளியில் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. வீதிகள் துண்டிக்கப்பட்டு ஊர்கள் தனித்துப் போயின. இப்படிப்பட்ட மாவட்டத்தில் முதலில் ஓடிவருபவர் பக்கத்து லயத்துக்காரர். அடுத்து வருவது பொலிஸ் வண்டியாகத்தான் இருக்கும். அதில் நீண்ட கயிறு உண்டா? தூக்குப்படுக்கை உண்டா? இரவு முழுவதும் எரியக்கூடிய விளக்கு உண்டா? அவற்றைக் கையாளப் பழகியவர் உண்டா? குண்டாந்தடி மட்டும் வைத்துக்கொண்டு மண்சரிவை என்ன செய்வது?

மொழி விடயத்தில் புதிதாக எவரும் எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி பதுளை மாவட்டத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் தமிழர். பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளை, ஹல்துமுல்லை உள்ளிட்ட பிரதேச செயலகப் பிரிவுகள் 1999ஆம் ஆண்டே இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டவை. கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011இல் தன் அறிக்கையில், பொலிஸ் நிலையங்களில் 24 மணி நேரமும் இருமொழி அறிந்த அதிகாரிகள் இருக்க வேண்டுமென்றும், முறைப்பாட்டாளர் தான் விரும்பிய மொழியில் வாக்குமூலம் கொடுக்க உரிமையுள்ளவரென்றும் பரிந்துரைத்தது. அரசாங்கமே நியமித்த ஆணைக்குழு அது. பாடம் எழுதியாயிற்று, கற்றுக்கொண்டவர் யார்? நான் இன்னும் ஒரு படி மேலே போகிறேன். நிலையத்தில் தமிழ் தெரிந்தவர் மேசைக்குப் பின்னால் அமர்ந்திருப்பது மட்டும் போதாது. தோட்டத்துக்குப் புறப்படும் வண்டியில் அவர் இருக்க வேண்டும். வாக்குமூலம் மறுநாள் எழுதலாம். ஆபத்து இரவில்தானே வருகிறது?

ஆகவே நம் பிரதிநிதிகளுக்கு, எந்தக் கட்சியினராயினும், ஒரு வேண்டுகோள். இனி வண்டி கேட்காதீர்கள். வண்டியோடு சேர்த்து இவற்றைக் கேளுங்கள்.

அவசர அழைப்புக்கென ஒதுக்கப்பட்ட வண்டி வேறெவரது பாதுகாப்புக்கும் ஊர்வலத்துக்கும் போகக் கூடாது. அதில் எந்நேரமும் குறைந்தது இரண்டு உத்தியோகத்தர்களும் ஒரு சாரதியும் இருக்க வேண்டும். இருமொழிப் பிரிவுகளில் ஒருவருக்குத் தமிழ் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். பெண்கள், சிறுவர் பற்றிய அழைப்பாயின் பெண் உத்தியோகத்தர் ஒருவர் போக வேண்டும். முதலுதவிப் பெட்டி, கயிறு, விளக்கு, தூக்குப்படுக்கை, கேடயம் ஆகியவை வண்டியின் உறுப்புகளாகக் கருதப்பட வேண்டும். சக்கரமில்லாமல் வண்டி புறப்படாததுபோல இவையில்லாமலும் புறப்படக் கூடாது. எந்த உத்தியோகத்தர் எந்தக் கருவியில் எப்போது பயிற்சி பெற்றார், எப்போது புதுப்பித்தார் என்ற பதிவு இருக்க வேண்டும். அழைப்பு வந்த நேரம், புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம், போனவர் பெயர் எல்லாம் எழுதப்பட்டு, மாவட்டத் தொகுப்பு ஆண்டுதோறும் வெளியிடப்பட வேண்டும். பிந்துனுவெவவில் எது எழுதப்படாமல் போயிற்றோ அதை இனி எழுதுவோம் என்பதுதான் இதன் பொருள்.

இதற்கெல்லாம் பணம் எங்கே என்று கேட்பார்கள். ஒரு ஜீப்பின் விலையோடு ஒப்பிட்டால் கயிறும் விளக்கும் முதலுதவிப் பெட்டியும் எவ்வளவு? தோட்டத்துப் பிள்ளைகளைப் பொலிஸில் சேர்த்துக்கொள்ள எவ்வளவு? உயர்தரம் படித்துவிட்டுக் கொழும்புக் கடைகளில் நிற்கும் எத்தனை இளைஞர்களை எனக்குத் தெரியும்! அவர்களில் சிலரேனும் அந்தச் சீருடையை அணிய நம் வீடுகளும் மனம் வைக்க வேண்டும். “பொலிஸ் வேலை நமக்கு வேண்டாம்” என்று பிள்ளையைத் தடுத்துவிட்டு, பொலிஸில் தமிழரில்லையே என்று மேடையில் முழங்குவதில் பொருளில்லை. கசப்பாக இருக்கும், ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். அஞ்சுவதற்கு நம்மவர்க்குக் காரணம் உண்டென்பதை நான் மறுக்கவில்லை. அந்த அச்சத்தை நீக்கும் பொறுப்பு திணைக்களத்தினுடையது. அதையும் நம் பிரதிநிதிகள்தான் கேட்டுப் பெற வேண்டும்.

1865ஆம் ஆண்டின் பொலிஸ் கட்டளைச் சட்டத்தில் தொடங்கிய திணைக்களம் இது. குதிரையில் போன காலத்திலிருந்து ஜீப்பில் போகும் காலம்வரை வாகனம் எத்தனையோ முறை மாறிவிட்டது. ஏறி அமர்பவரைத்தான் நாம் இன்னும் கவனிக்கவில்லை.

அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். சில ஆண்டுகளுக்குப் பின் ஒரு கோயில் திருவிழாவில் அவளைக் கண்டேன். அன்றைய இரவைப் பற்றிக் கேட்க எனக்குத் தயக்கமாக இருந்தது. அவளாகவே சொன்னாள்: “பொலிசு வந்துச்சு ஐயா. எங்கிட்ட ஒண்ணுமே கேக்கல.” அடுத்தமுறை புதிய வண்டியின் திறப்பை யாரேனும் கைநீட்டி வாங்கும் படத்தைப் பார்க்கும்போது, வாசக அன்பர்களே, இந்த வரியையும் சற்று நினைத்துக்கொள்ளுங்கள்.